அடுத்து எந்த மொழி? தமிழிலிருந்து அளந்து பார்க்கிறேன்

ஜனவரி 7, காலை

கேள்வி இதுதான். தாய்மொழி தமிழ், வேலைக்கு ஆங்கிலம், நடுவில் ஜெர்மன் பி1 என்கிற நடுத்தர நிலை வரை படித்தேன். அடுத்து ஒரு மொழி எடுக்க வேண்டும். ஸ்பானிஷா, ஜப்பானியமா, வேறு ஏதாவதா? எங்கே தேடினாலும் ஒரே பட்டியல்தான் வந்து நிற்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஒரு மொழியைச் சொல்லிக்கொடுக்க எத்தனை வகுப்பு மணி நேரம் ஆகிறது என்று போட்டு வைத்திருக்கிற கணக்கு அது. ஸ்பானிஷுக்கு 600 முதல் 750. ஜப்பானியம், கொரியன், சீனம், அரபி நான்குக்கும் 2,200. அதே பட்டியலில் தமிழும் இருக்கிறது, 1,100 மணி நேரம். நாம் மூன்று வயதிலேயே அடம்பிடித்துச் சண்டை போட்ட மொழி அவர்களுக்கு ஜெர்மனைவிடக் கடினம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இது ஆங்கிலக்காரர் தன் வாசலிலிருந்து அளந்த தூரம். நம் வாசலிலிருந்து அளந்தால் வரிசையே மாறிப்போகும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: தமிழருக்கு ஸ்பானிஷைவிட ஜப்பானியம் எளிது.

ஜனவரி 7, இரவு

சும்மா சொல்லவில்லை, ஆதாரம் தருகிறேன். இரண்டு வாரமாக ஜப்பானிய இலக்கணத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

"நான் வாங்கிய புத்தகம்" என்பதை ஜப்பானியத்தில் "வதாஷி க கத்தா ஹோன்" என்கிறார்கள். நான், வாங்கிய, புத்தகம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கிலத்தில் புத்தகத்தை முன்னால் வைத்துவிட்டு அதற்கு வால் கட்டவேண்டும், இங்கே அந்த வேலையே இல்லை. "என்று நினைக்கிறேன்" என்பதற்கு "தொ ஒமொவு". நம் "என்று" உட்கார்ந்திருக்கிற அதே இடத்தில் அவர்களுடைய "தொ" உட்கார்ந்திருக்கிறது. வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால், வினை கடைசியில். நாம் "படித்துப் பார்" என்று சொல்லும்போது கண்ணால் பார்ப்பதையா சொல்கிறோம்? முயன்று பார் என்கிறோம். அவர்களும் "யோந்தே மிரு" என்கிறார்கள், மிரு என்றால் பார். "எழுதி வை" என்பதற்கு "கைதே ஒகு", ஒகு என்றால் வை. இதை ஆங்கிலக்காரருக்குப் பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக விளக்குகிறது, நான் ஒரு வரி படித்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

குறில் நெடில் விஷயம் இன்னும் அருமை. ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. கிதெ என்றால் "வந்து", கித்தெ என்றால் தபால்தலை. கல்லுக்கும் காலுக்கும், பாடுவதற்கும் பாட்டுக்கும் வேறுபாடு கேட்டே வளர்ந்த காதுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவர்களுடைய ஹைக்கூவில் 5, 7, 5 என்று எண்ணுவது அசையை அல்ல, கிட்டத்தட்ட நம் மாத்திரையைத்தான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மெய்யில் மட்டும் வேறுபாடு, நமக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு ஒரு முழு மாத்திரை.

அப்புறம் எழுத்து வரிசை. அ இ உ எ ஒ, பிறகு க ச த ந ஹ ம ய ர வ. ஹ இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் ப ஒலித்தது. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்தைப் படித்ததன் வழியாகப் போய்ச் சேர்ந்த வரிசை இது. தொண்டையில் தொடங்கி உதடு வரைக்கும் நடந்து வருகிற அதே நடை. அகராதியைத் திறந்தால் சொல் எங்கே இருக்கும் என்று கை தானாகப் போகிறது.

ஜனவரி 8

ஒன்று விட்டுப்போனது. கோரே, சோரே, ஆரே, தோரே. என் பக்கத்தில் இருப்பது, உன் பக்கத்தில் இருப்பது, இரண்டு பேருக்கும் தள்ளி இருப்பது, எது. நமக்கு இது, உது, அது, எது. நம்மில் பெரும்பாலோர் உதுவைத் தொலைத்துவிட்டோம், ஈழத்தில் இன்றைக்கும் "உதென்ன?" என்று கேட்கிறார்கள். சோரேயைப் படித்தபோதுதான் உதுவின் அருமை எனக்குப் புரிந்தது.

ஜனவரி 11

என் கட்சியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். எழுத்து. ஹிராகனா 46, கதகனா 46, இவை இரண்டும் ஒலியைக் குறிக்கிற எழுத்து, ஒரு மாதத்தில் வந்துவிடும். சீனத்திலிருந்து எடுத்த எழுத்தான காஞ்சிதான் மலை. அரசு வைத்திருக்கிற அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலிலேயே 2,136 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலிப்பு என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு "நிச்சியோபி" என்று மூன்று காஞ்சி எழுதுகிறார்கள். முதல் எழுத்தும் மூன்றாவது எழுத்தும் ஒன்றேதான், சூரியனையும் நாளையும் குறிப்பது. முதலில் வரும்போது "நிச்சி", கடைசியில் வரும்போது "பி". ஒரே சொல்லுக்குள்ளேயே இப்படி. அந்த மூன்று எழுத்தையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்தேன். நான்கு நாளாகப் பார்க்கிறேன், இன்னும் நடு எழுத்தைப் பார்க்காமல் எழுத வரவில்லை, அதில் மட்டும் 18 கோடு.

ஆகவே 7ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். தமிழருக்கு ஜப்பானியம் பேச எளிது, வாசிக்க எளிதில்லை. அந்த 2,200 மணி நேரத்தில் பெரும்பங்கு நமக்கும் குறையப்போவதில்லை.

ஜனவரி 15

எதற்கு இவ்வளவு யோசனை, ஏதாவது ஒன்றைத் தொடங்க வேண்டியதுதானே என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் ஜெர்மனில் இருக்கிறது.

ஜெர்மனை நான் நன்றாகத்தான் படித்தேன். வாரம் மூன்று நாள் வகுப்பு, ஒன்றரை வருடம். வகுப்பில் மற்றவர்கள் திணறிய இடமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "ஏனென்றால்" என்று தொடங்கினால் வினை வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிவிடும், அது அவர்களுக்குத் தலைவலி, எனக்கு இயல்பு. நான்கு வேற்றுமை என்று பயமுறுத்தினார்கள், எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. என்னைப் படுத்தியது பால்தான். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. அஃறிணை என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுகிற நமக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பால் மனப்பாடம் செய்வது கடைசி வரைக்கும் ஒட்டவே இல்லை. ஆனாலும் பி1 தேறினேன்.

தேறிய மறுநாளிலிருந்து அதை எங்கேயும் பயன்படுத்தவில்லை. பேச ஆள் இல்லை, படிக்க விரும்பிய புத்தகம் ஒன்றும் இல்லை, வேலையில் தேவை வரவில்லை. அது நல்ல மொழி, எல்லோரும் படிக்கிறார்கள், சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது என்று சேர்ந்தேன், அவ்வளவுதான் காரணம். மூன்று வருடம் கழித்துப் போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்த நோட்டு கிடைத்தது. என் கையெழுத்தில் ஒரு முழுப்பக்கக் கடிதம், தேர்வுக்குப் பழகியது, ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறார். படித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியில் மூன்று சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை. நானே எழுதியது. தரையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடத்து மாலைகள் அதற்குள் இருக்கின்றன. இன்னொரு மொழிக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதால்தான் இத்தனை யோசனை.

ஜனவரி 16

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் கேள்வியே தப்பாக இருந்ததோ என்று தோன்றுகிறது. எது எளிது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெர்மன் எனக்குக் கடினமாக இருந்ததால் போகவில்லை, தொடாமல் விட்டதால் போனது.

ஜனவரி 22

சரி, ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மொழிக்கும் மூன்று வாரம், தினமும் நாற்பது நிமிடம், ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு ஒரு கோடு. ஜப்பானியத்துக்கு மூன்று வாரம் முன்னமே ஓடிவிட்டது, எனவே இப்போது ஸ்பானிஷ்.

முதல் நாளே ஓர் ஆச்சரியம். "எனக்குப் பிடிக்கும்" என்பதற்கு "மே குஸ்தா". "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதற்கு "மே துவேலே லா கபேசா". நான்காம் வேற்றுமையில் "எனக்கு" என்று தொடங்கி, பிடிப்பதும் வலிப்பதும் தன்பாட்டுக்கு நடக்கிற மாதிரி சொல்வது. நான் பார்த்த பாடத்தில் ஆசிரியர் கால் மணி நேரம் இதை விளக்கினார், ஆங்கிலத்தில் "நான்" என்று தொடங்கிப் பழகியவர்களுக்காக. நாம்தான் பிறந்ததிலிருந்து எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குக் குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே. இன்னொன்று, "ஆப்லோ" என்றாலே பேசுகிறேன், "ஆப்லாஸ்" என்றால் பேசுகிறாய். விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் நான், நீ எல்லாம் தேவையில்லை. த, ட இரண்டும் நமக்குத் தனித்தனி என்பதால் அவர்களுடைய பல்லொலித் "த" சுத்தமாக வருகிறது.

ஆகவே 7ஆம் தேதியின் கட்சியில் இரண்டாவது ஓட்டை. ஸ்பானிஷையும் நான் ஆங்கிலத்தின் வழியாகவே பார்த்து, அது அந்தப் பக்கத்து மொழி, நமக்குத் தூரம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஜனவரி 30

ஸ்பானிஷின் இன்னொரு பக்கம். இருக்கிறான் என்பதற்கு இரண்டு வினை, ஒன்று தன்மைக்கு, ஒன்று நிலைக்கு. ஆசை, சந்தேகம், வேண்டுகோள் என்று வந்தால் வினைக்கு வேறு உடை. பொருளுக்குப் பால் இங்கேயும் உண்டு, ஆனால் ஜெர்மன் அளவுக்குக் கொடுமை இல்லை, பெரும்பாலும் ஓவில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண். மேசை அங்கே "மேசா", பெண்பால். நம் மேசை போர்த்துகீசியத்திலிருந்து வந்தது, ஜன்னலும் சாவியும் அலமாரியும் அங்கிருந்துதான். 20 நாடுகளில் ஆட்சிமொழி, படிக்கவும் கேட்கவும் பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அப்படியிருந்தும் நேற்றும் முந்தாநாளும் கோடு போடவில்லை.

பிப்ரவரி 4

மற்ற மொழிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக, மேலோட்டமாகப் பார்த்த அளவில்.

மலாய் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கப்பல் அங்கே காபால், கடை அங்கே கெடாய், கட்டில் அங்கே காதில், எல்லாம் நம்மிடமிருந்து போனவை. வினைக்குக் காலமும் இல்லை ஆளும் இல்லை, எழுத்து ரோமன். ஆறு மாதத்தில் பேசிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்புவேன்.

ரஷ்யனில் "எதோ தோம்" என்றால் இது வீடு. நடுவில் "ஆகும்" போன்ற எதுவும் வேண்டாம், நம்மைப் போலவே. எழுத்து 33, வேற்றுமை 6, அது சரி, ஆனால் போவதற்கு நடந்து போவது, வண்டியில் போவது, போய்த் திரும்புவது என்று இருக்கிற வினைகள் தனிக் காடு.

அரபி எடுக்கத் தயங்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம், புத்தக அரபி ஒன்று, தெருவில் பேசுவது இன்னொன்று என்பது. தமிழர் அதற்கு ஏன் பயப்பட வேண்டும்? எழுதுவது "வந்துவிட்டேன்", பேசுவது "வந்துட்டேன்" என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டே வாழ்கிறோம். வசூல், பாக்கி, வக்கீல், அசல், நகல் என்று சொற்களும் கொஞ்சம் கையில் இருக்கின்றன.

பிரெஞ்சில் 97 சொல்ல நான்கு இருபது பத்து ஏழு என்று அடுக்க வேண்டும், அது பழகிவிடும். எழுதியதில் பாதியை வாய் சொல்லாது என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. மாண்டரினில் "மா" வை ஒரு தொனியில் சொன்னால் அம்மா, இன்னொரு தொனியில் சொன்னால் குதிரை. நல்ல மொழி, என் காதுக்கு இப்போது தெம்பு இல்லை.

பிப்ரவரி 13

கொரியன் தொடங்கி மூன்று நாள். இதை நான் பட்டியலில் வைத்திருக்கவே இல்லை, தங்கைதான் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னாள். அவள் நான்கு வருடமாகக் கொரியத் தொடர்களை வசனவரிகளோடு பார்க்கிறாள். "அண்ணா, நீங்க ஜப்பானியத்துக்குச் சொல்ற எல்லாமே இதுலயும் இருக்கு, ஆனா காஞ்சி இல்ல" என்றாள். கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது.

உண்மைதான். "நான் வாங்கிய புத்தகம்" இங்கே "நெக சன் செக்", அதே வரிசை. "படித்துப் பார்" இங்கே "இல்கொ பொதா", பொதா என்றால் பார். இல்லை என்பதற்குத் தனிச்சொல் இருக்கிறது, நம் "இல்லை" மாதிரியே. உண்டு என்றால் "இத்தா", இல்லை என்றால் "ஒப்தா". தெரியாது என்பதற்கும் தனி வினை.

எழுத்து இருக்கிறதே, அதுதான் என்னைக் கவிழ்த்தது. அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் மக்களுக்கு வெளியிட்டார். அடிப்படை எழுத்து 24, மெய் 14, உயிர் 10. எழுத்தின் உருவமே வாயைக் காட்டுகிறது. க வுக்கு நாக்கின் அடிப்பகுதி எழும்பித் தொண்டையை அடைப்பது போல ஒரு வளைவு, ந வுக்கு நுனிநாக்கு மேலே தொடுவது போல, ம வுக்கு மூடிய வாய் ஒரு சின்னச் சதுரம். மெய்யையும் உயிரையும் சேர்த்து ஒரு கட்டமாக எழுதுகிறார்கள், க்+ஆ=கா என்று 247 எழுத்தைக் கற்றவனுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன், ஞாயிறு மாலை மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று கேளுங்கள். நம் "பம்பரம்" என்ற சொல்லில் ப இரண்டு முறை வருகிறது, முதலாவது வன்மையாக, இரண்டாவது மென்மையாக ஒலிக்கிறது, எழுத்து ஒன்றுதான். ஹங்குல் என்கிற இந்தக் கொரிய எழுத்திலும் இதே விதி. கணவன் மனைவிக்கு "புபு", இரண்டும் ஒரே எழுத்து, முதலாவது நம் பம்பரத்தின் முதல் ப, இரண்டாவது அதன் இரண்டாவது ப. ஒரே எழுத்து ஏன் இரண்டு விதமாக ஒலிக்கிறது என்று மற்றவர்கள் கேட்கும் இடத்தில் நான் கவனிக்காமலேயே தாண்டிவிட்டேன், பிறகு விளக்கத்தைப் படித்துத்தான் திரும்பிப் பார்த்தேன்.

புணர்ச்சியும் உண்டு. "ஹப்நிதா" என்று எழுதி "ஹம்நிதா" என்று சொல்கிறார்கள். பல்+முறை பன்முறை ஆகிற நாட்டிலிருந்து வருகிறவனுக்கு இதில் என்ன வியப்பு.

பிப்ரவரி 14

நேற்றே எழுதியிருக்க வேண்டும், தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இது எனக்கு மிகவும் பிடித்தது.

"வாஸ்ஸொ" என்றால் வந்தேன். "வாஸ்ஸொயொ" என்றால் வந்தேங்க. அந்த "யொ" நம் பேச்சுத் தமிழின் "ங்க" வேதான். வந்தது நான், எனக்கு எதற்கு மரியாதை? கேட்கிறவருக்குத்தான் அது. சரிங்க, இல்லீங்க, தெரியாதுங்க, எதன் வாலிலும் ஒட்டும். இனி "வந்தாருங்க" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மரியாதை இருக்கிறது, "ஆரு" வந்தவருக்கு, "ங்க" கேட்பவருக்கு. கொரியனில் "ஒஷொஸ்ஸொயொ", நடுவில் "ஷி" கரைந்து நிற்கிறது, அது வந்தவருக்கு, கடைசி "யொ" கேட்பவருக்கு. அதே இரண்டு இடம், அதே வரிசை. ஆங்கிலத்தில் எழுதிய பாடப்புத்தகம் இதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கி அட்டவணை போட்டிருந்தது. நான் அட்டவணையை மூடிவிட்டு அம்மா தொலைபேசியில் பெரியவர்களிடம் பேசுவதை நினைத்துப் பார்த்தேன், புரிந்துவிட்டது.

பிப்ரவரி 17

ஒரு எச்சரிக்கை, எனக்கும் சேர்த்து. இத்தனை ஒற்றுமையைப் பார்த்ததும், அப்பா அங்கேயும் அப்பா, நான் அங்கே "நா", அப்படியென்றால் இரண்டும் ஒரே குடும்பம் என்று மனம் தாவுகிறது. 1905லேயே ஹோமர் ஹல்பர்ட் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். ஜப்பானியப் பக்கம் சுசுமு ஓனோ தமிழோடு உறவு இருப்பதாக வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்கவில்லை. அப்பா, அம்மா மாதிரியான மழலைச் சொற்கள் உலகம் முழுக்க ஒத்துப்போகும், வினை கடைசியில் வரும் மொழிகளில் மற்ற வரிசைகளும் ஒன்றுபோல அமைவது பரவலாகக் காணப்படுவது. எனக்கு உறவுமுறை நிறுவ வேண்டிய தேவை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் போலவே வாசலைப் பெருக்குகிறார் என்பதற்காக அவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், ஆனால் அவர் வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

பிப்ரவரி 21

இன்று நன்றாக அடிபட்டேன். நிலா, மகள், முகமூடி. கொரியனில் மூன்று சொல். தமிழில் எழுதினால் மூன்றும் "தல்". முதலாவது மெலிந்த த, இரண்டாவது தொண்டையை இறுக்கிச் சொல்லும் த, மூன்றாவது காற்றை ஊதிச் சொல்லும் த. தங்கை அகராதியின் ஒலியைப் பதிந்து எந்த வரிசை என்று சொல்லாமல் அனுப்பினாள். பத்து முறை கேட்டேன். நான்குதான் சரி, அதுவும் குத்துமதிப்பாக. பம்பரம் கொடுத்த காதே இங்கே காலை வாருகிறது, நம் எழுத்தில் வன்மை மென்மை இடத்தைப் பொறுத்துத் தானாக வருவதால் அதைத் தனியாகக் கேட்கும் பழக்கமே காதுக்கு இல்லை.

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். முகமூடிக்குக் காற்று நன்றாகப் படுகிறது. மகளுக்குக் கொஞ்சமும் இல்லை. நிலாவுக்கு லேசாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு.

பிப்ரவரி 22

எண்களும் இரண்டு தொகுதி, சொந்த எண் ஒன்று, சீனத்திலிருந்து வந்தது ஒன்று. மூன்று மணி முப்பது நிமிடம் என்றால் மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன எண். சொற்களில் பெரும்பகுதியும் சீன வேர்கள்தான், அங்கே தமிழ் துணைக்கு வராது. ஆகவே யாரும் இதைப் படித்துவிட்டுக் கொரியன் ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இலக்கணம் நம்மைக் கைபிடித்து வாசல் வரைக்கும் கூட்டிப்போகிறது, உள்ளே ஒவ்வொரு சொல்லாகத்தான் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 25

சேர்க்கும்போது இப்படியும் கிடைக்கிறது. சனிக்கிழமை "தோயோஇல்", சனி என்கிற கோள் "தோசொங்". செவ்வாய்க்கிழமை "ஹ்வாயோஇல்", செவ்வாய்க் கோள் "ஹ்வாசொங்". ஞாயிறு சூரியன், திங்கள் நிலா, ஏழு நாளும் அதே கோள்கள், அதே வரிசை. ஜப்பானியத்திலும் அப்படித்தான். என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிற அந்த நிச்சியோபியின் முதல் எழுத்து சூரியன் என்று அன்றைக்கே எழுதினேன், ஞாயிறு என்றாலும் சூரியன் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

மார்ச் 3

நோட்டைப் பார்த்தேன். ஜப்பானியம் 21 நாளில் 17 கோடு. ஸ்பானிஷ் 21இல் 12. கொரியன் இன்றோடு முடிகிறது, 21க்கு 21.

இதில் மொழியின் பெருமை மட்டும் இல்லை என்று நியாயமாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரி 19 அன்று வேலை முடிந்து வந்தபோது இரவு பதினொன்று, கண்ணைத் திறக்க முடியவில்லை. ஸ்பானிஷாக இருந்தால் அன்றைக்குக் கோடு விழுந்திருக்காது. தங்கையிடமிருந்து ஹங்குலில் ஒரு வரி வந்திருந்தது, அண்ணா தூங்கிட்டீங்களா என்று. பதில் போடாமல் எப்படி இருப்பது? இன்னும் தூங்கவில்லை என்று எழுதப் போனேன், எதிர்மறை எங்கே வரும் என்று தெரியாமல் புத்தகத்தைத் திறந்தேன், முக்கால் மணி நேரம் போனது. அந்த ஒரு வரி இன்றைக்கும் மறக்கவில்லை.

அவள் என்னை "ஒப்பா" என்று கூப்பிடுகிறாள். தங்கை அண்ணனை அழைக்கும் சொல் அது. தம்பி அண்ணனை அழைத்தால் "ஹியொங்". அக்காவைத் தங்கை அழைத்தால் ஒரு சொல், தம்பி அழைத்தால் வேறு சொல். அண்ணனா தம்பியா என்று பிரித்துச் சொல்லாமல் நமக்கு ஒரு வாக்கியம்கூட ஓடாது, ஆங்கிலத்தில் அதை விட்டுவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. இங்கே அது திரும்பக் கிடைத்திருக்கிறது.

மார்ச் 4

ஸ்பானிஷில் ஆழ்ந்திருக்கிற நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார், 12 கோட்டுக்கு மொழி என்ன செய்யும் என்று. அவர் சொல்வது சரி. அவருக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள், தினமும் பேசுகிறார், அவருடைய நோட்டில் நாள் தவறாமல் கோடு இருக்கும். என் பிப்ரவரி 4 குறிப்பையும் அப்படியே படியுங்கள். மாண்டரினையும் பிரெஞ்சையும் இரண்டு வரியில் தள்ளிவிட்டேன், அந்த மொழிகளில் எனக்குப் பேச ஒருவர் இருந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

கொரியனை எடுக்கிறேன். ஜப்பானியத்தை விடவில்லை, தள்ளி வைக்கிறேன். சீனச் சொற்கள் இரண்டுக்கும் பொது என்பதால் இங்கே சேர்ப்பது அங்கே உதவும். காஞ்சி எழுதிய தாளை மேசைக்கு மேலேயே விட்டிருக்கிறேன்.

மார்ச் 19

தங்கை நேற்று இரவு மறுபடி ஒலி அனுப்பினாள், பத்து. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து, ஒவ்வொன்றையும் நானும் சொல்லிப் பார்த்துப் பதில் எழுதினேன். முகமூடி, நிலா, மகள், மகள், நிலா என்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்பது சரி. ஏழாவது நிலா, நான் முகமூடி என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் திரும்ப அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.